சர்க்கரைக்குக் குடித்த நித்தியகல்யாணிச் சாறும் குறைந்துபோன வெள்ளை அணுக்களும்

அம்மா சர்க்கரைக்காக நித்தியகல்யாணிச் சாறு குடித்துவந்த மாதங்களில் எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்பதை, நடந்த வரிசையிலேயே எழுதிவைக்க விரும்புகிறேன். அந்த நாட்களில் இரவெல்லாம் உட்கார்ந்து தேடிப் படித்தேன். சிலர் இந்தப் பூவைச் சர்க்கரைக்கும் புற்றுநோய்க்கும் கைகண்ட மருந்தென்று புகழ்ந்திருந்தார்கள். ஆய்வுக் கட்டுரைகளோ எலிகளைப் பற்றியும் மூலக்கூறுகளைப் பற்றியும் பேசின. வீட்டில் வயதான ஒருவர் இதைக் குடித்துக்கொண்டிருந்தால் எதைக் கவனிக்க வேண்டும், எந்தப் பரிசோதனையை எப்போது செய்ய வேண்டும், மருத்துவரிடம் எதைச் சொல்ல வேண்டும் என்று எடுத்துச் சொல்ல ஒருவரும் இல்லை. நான் மருத்துவம் படித்தவள் அல்ல. மருத்துவர்கள் எனக்கு விளக்கியதையும், பிறகு நானே படித்துத் தெரிந்துகொண்டதையும், கண்ணால் கண்டதையும் மட்டுமே இங்கே எழுதுகிறேன்.

அம்மாவுக்கு எழுபது வயது கடந்துவிட்டது. நீண்ட காலமாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மினும் கிளிமிப்பிரைடும் எடுத்துவந்தார். இரத்த அழுத்தத்துக்கு மெட்டோப்ரோலால் என்ற மாத்திரையும் உண்டு. இந்த மூன்று பெயர்களையும் முதலிலேயே சொல்லிவிடுவதற்குக் காரணம் இருக்கிறது. பின்னால் சொல்லப்போகும் செய்திகளில் இவை மூன்றும் வருகின்றன. உடன்பிறந்தவர்கள் தொலைவில் இருக்கிறார்கள். அம்மாவைப் பார்த்துக்கொள்வதும் வேலைக்குப் போய்வருவதும் என் ஒருத்தியின் பொறுப்பு.

நடைப்பயிற்சியில் பழக்கமான ஓர் அம்மையார்தான் முதலில் இந்தப் பூவைப் பற்றிச் சொன்னார். இளஞ்சிவப்பு நிறத்தில் ஐந்து இதழோடு ஆண்டு முழுவதும் பூக்கும் இந்தச் செடி எங்கள் வாசலிலேயே தொட்டியில் இருந்தது. அம்மா அதில் சில பூக்களைப் பறித்து, தண்ணீரில் போட்டு, பாதியாகச் சுண்டும்வரை காய்ச்சி, வடிகட்டிக் காலையில் வெறும் வயிற்றில் குடிப்பார். பாத்திரத்தின் விளிம்பில் நிறம் வெளுத்த இதழ்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த நீரின் கசப்பு நெடுநேரம் நாக்கை விட்டுப் போகாது என்பார். சில வாரங்களில் குளுக்கோமீட்டரில் எண்கள் இறங்கத் தொடங்கின. அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சியை நான் பல காலமாகப் பார்த்ததில்லை. அடுத்ததாக, பூவைவிட இலையும் வேரும் வீரியமானவை என்று சொல்லி, செடி முழுவதையும் சேர்த்து எடுத்ததாகக் கூறப்பட்ட செறிவான சாற்றை ஒருவர் புட்டியில் கொண்டுவந்து கொடுத்தார். புட்டியின் மேல் ஒரு பூவின் படமும் காலை மாலை ஒரு மூடி என்ற வரியும் மட்டுமே இருந்தன. எந்தப் பாகம், எவ்வளவு இலைக்கு எவ்வளவு சாறு, எதில் ஊறவைத்தது, எப்போது தயாரித்தது என்ற விவரம் எதுவும் இல்லை. அம்மாவின் மாத்திரைகளுக்கு மாதந்தோறும் ஆகும் செலவைவிட அந்தப் புட்டிகளுக்குக் கூடுதலாகவே செலவானது.

சாறு மாறிய பிறகு அம்மாவுக்குப் பசி குறைந்தது. வாய் கசக்கிறது என்று இரவு உணவைப் பாதியிலேயே நிறுத்திவிடுவார். மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டுக்கொள்வார். அப்படியான ஓர் இரவில், அம்மா அறையில் ஏதோ முனகும் சத்தம் கேட்டு எழுந்து போனேன். தலையணை உறை பிழியலாம் போல வியர்வையில் நனைந்திருந்தது, நெற்றி குளிர்ந்திருந்தது. கை நடுங்கவில்லை, நெஞ்சு படபடக்கவில்லை. "அம்மா, என்ன செய்யுது?" என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல கண்ணு, கதவைச் சாத்து" என்று சொன்னார், கதவு சாத்தியே இருந்தது. பேச்சில் குழறல் தெரிந்தது. பக்கவாதமோ என்று பயந்து கை கால்களை அசைக்கச் சொன்னேன். பிறகு ஏதோ உந்துதலில் விரலில் குத்திப் பார்த்தபோது குளுக்கோமீட்டர் 43 என்று காட்டியது. எழுந்து உட்காரவும் விழுங்கவும் அவரால் முடிந்ததால், குளுக்கோஸ் கரைத்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தேன். அளவு ஏறியது. தூங்கவிட்டேன். விடியும் முன்னரே மீண்டும் இறங்கிவிட்டது. பிறகுதான் வண்டி பிடித்து மருத்துவமனைக்கு ஓடினேன்.

அன்று தெரியாமல் தவித்த சில செய்திகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் அது தாழ்சர்க்கரை; விழுங்கும் நிலையில் இருப்பவருக்கு 15 கிராம் குளுக்கோஸ் அல்லது சர்க்கரை கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளக்க வேண்டும்; ஏறவில்லையென்றால் மறுபடி கொடுக்க வேண்டும். ஏறிய பிறகு ஏதாவது உணவும் கொடுக்க வேண்டும், ஏனெனில் குளுக்கோஸ் மட்டும் நெடுநேரம் தாங்காது. நினைவு மங்கி விழுங்க முடியாமல் கிடப்பவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. மூச்சுக்குழாயில் இறங்கிவிடும், உடனே மருத்துவ உதவிதான் வேண்டும். மெட்டோப்ரோலால் போன்ற பீட்டா தடுப்பு மாத்திரைகளை எடுப்பவர்களுக்குச் சர்க்கரை இறங்கும்போது வரும் நடுக்கமும் படபடப்பும் மறைந்துபோகலாம். வியர்வை மட்டும் மறையாது. அம்மாவுக்கு நடந்தது அதுவேதான். முதியவர்களிடம் தாழ்சர்க்கரை பல நேரம் குழப்பமாகவோ, எரிச்சலாகவோ, ஆழ்ந்த தூக்கமாகவோதான் வெளிப்படும். கிளிமிப்பிரைடு வகை மாத்திரையால் வரும் தாழ்சர்க்கரை ஒரு முறை சரிசெய்தவுடன் ஓய்ந்துவிடுவதில்லை. மாத்திரையின் வேலை உடலில் நீடிக்கும்வரை திரும்பத் திரும்ப இறங்கும். அதனால்தான் மருத்துவமனையில் நரம்பு வழியே குளுக்கோஸ் ஏற்றி, ஒரு முழு நாளுக்கு மேல் கண்காணிப்பில் வைத்திருந்தார்கள்.

அங்கே என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி, "என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்?" என்பது. மாத்திரைச் சீட்டைக் காட்டினேன். கசாயம், பொடி, சாறு பற்றி ஒருவரும் கேட்கவில்லை. படிவத்திலும் அதற்கென்று ஒரு கட்டம் இல்லை. வயதாகும்போது சிறுநீரகம் தளர்வதால் இப்படி ஆவதுண்டு என்று சொல்லி, கிளிமிப்பிரைடின் அளவைப் பாதியாக்கி அனுப்பிவைத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அம்மா, "மாத்திரை குறைஞ்சிருக்கு பார், சாறு வேலை செய்யுது" என்று சொல்லி இன்னும் உறுதியோடு குடிக்கத் தொடங்கினார். மருந்தைக் குறைத்ததே சாற்றின் வெற்றியாக அவருக்குப் பட்டதில் வியப்பில்லை. எனக்கும் அப்போது அது தவறென்று சொல்ல ஒரு காரணமும் தெரிந்திருக்கவில்லை.

இரண்டாவது கட்டம் மெதுவாக வந்தது, அதனால்தான் கூடுதலாக அலைக்கழித்தது. முதலில் மலச்சிக்கல். பிறகு விரல் நுனிகளில் மரமரப்பு. சட்டைப் பொத்தானைப் போடத் தடுமாறினார். சர்க்கரை நோயாளிகளுக்குப் பாதத்தில் மரத்துப்போவது இயல்பு என்பதால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வாய்க்குள் புண்கள் வந்தன, ஆறவே இல்லை. சோர்வு கூடிக்கொண்டே போனது. அதற்குப் பிறகு குளிர் காய்ச்சல். காய்ச்சலுக்காக எடுத்த இரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் 2,100 என்று வந்தது. இயல்பான அளவு சுமார் 4,000 முதல் 11,000 வரை. கிருமிகளோடு முதலில் போராடும் நியூட்ரோஃபில் அணுக்கள் ஆயிரத்துக்கும் கீழே இருந்தன. இரத்தம் உறைய உதவும், ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டிய தட்டணுக்களும் குறைந்திருந்தன. பரிசோதனைக்கூடத்தில் நம்பிக்கை வராமல் இரண்டாவது முறை இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், அதே எண்கள்.

இங்கே ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல வேண்டும். நியூட்ரோஃபில் குறைந்திருக்கும் ஒருவருக்கு உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸை, அதாவது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், மறுநாள் பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. அன்றிரவே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சீழும் சிவப்பும் வீக்கமும் உண்டாக்குவதே அந்த அணுக்கள் என்பதால், அவை இல்லாதபோது தொற்று வெளியே தெரியாமல் இரத்தத்தில் பரவிவிடும். அம்மாவை மீண்டும் சேர்த்து, நரம்பு வழியே கிருமிக்கொல்லி மருந்து தொடங்கினார்கள். இரத்தவியல் மருத்துவரிடம் அனுப்பினார்கள். இரத்தப் புற்றுநோயாக இருக்குமோ என்ற ஐயம் முதன்முதலில் எழுந்தது அங்கேதான். இரத்த அணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜையிலிருந்து ஊசி வழியாக மாதிரி எடுக்க வேண்டியிருக்கும் என்றார்கள். அதற்கான ஒப்புதல் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடைவழியில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு வந்த பயத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அண்ணனுக்குத் தொலைபேசியில் சொன்னேன், அவன் அழுதான், நான் அவனைத் தேற்ற வேண்டியதாயிற்று. வேலையிடத்தில் சம்பளமில்லா விடுப்புக்கு எழுதிக் கொடுத்தேன். இரண்டு முறை மருத்துவமனையில் சேர்த்ததும் பரிசோதனைகளும், வீட்டுப் பழுதுக்கென்று சேர்த்துவைத்த தொகை முழுவதையும் கொண்டுபோய்விட்டன.

திருப்பம் ஓர் இளம் மருத்துவரின் கேள்வியால் வந்தது. மஜ்ஜைச் சோதனைக்கு முன்பு விவரம் எழுதிக்கொள்ள வந்தவர், மாத்திரைகளைக் கேட்டு முடித்த பின், "கசாயம், பொடி, லேகியம், வேர், இலை, யாராவது கொடுத்த சாறு, எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள், அதற்காக யாரும் திட்ட மாட்டோம்" என்று அம்மாவைப் பார்த்தே கேட்டார். அம்மா சிறிது தயங்கிவிட்டுச் சொன்னார். என்ன பூ என்று கேட்டதும், கைப்பேசியில் இருந்த வாசல் தொட்டியின் படத்தைக் காட்டினேன். அவர் அப்படியே எழுந்து போய் மூத்த மருத்துவரை அழைத்து வந்தார். அந்த மாலையே சாறு நிறுத்தப்பட்டது. மஜ்ஜைச் சோதனையைச் சில நாட்கள் தள்ளிவைத்து, தினமும் அணுக்களை எண்ணிப் பார்ப்பது என்று முடிவானது. வீட்டிலிருந்து ஒரு செடியை வேரோடு பிடுங்கி, பூவும் இலையும் உதிராமல் உறையில் போட்டுக் கொண்டுவரச் சொன்னார்கள். மிச்சமிருந்த புட்டியையும் கேட்டார்கள். உங்களுக்கும் அப்படி ஒரு நிலை வந்தால் இதைச் செய்யுங்கள். நித்தியகல்யாணியையே சிலர் சுடுகாட்டு மல்லி என்றும் பட்டிப்பூ என்றும் சொல்வார்கள். ஒரே பெயரில் வேறு செடிகளும் உண்டு. பெயரைச் சொல்வதைவிடச் செடியையே காட்டுவதுதான் ஐயத்துக்கு இடமில்லாத வழி.

இந்தச் செடியின் வரலாற்றை மூத்த மருத்துவர் அம்மாவின் படுக்கையருகில் நின்றபடியே சொன்னார். பிறகு நானும் தேடிப் படித்தேன். நித்தியகல்யாணியின் தாயகம் மடகாஸ்கர் தீவு. அரளிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அறிவியல் பெயர் கேதராந்தஸ் ரோசியஸ். ஜமைக்காவில் இதன் இலைத் தேநீரைச் சர்க்கரை நோய்க்குக் குடிப்பார்கள். 1952இல் அங்கிருந்து வந்த சில இலைகளை, கனடாவின் மருத்துவர் கிளார்க் நோபிள், மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆய்வாளராக இருந்த தம் தம்பி ராபர்ட் நோபிளுக்கு அனுப்பினார். 1921இல் இன்சுலின் ஆய்வில் மருத்துவர் பாண்டிங்கோடு முதலில் வேலை செய்யப்போவது யார் என்று நாணயம் சுண்டியபோது, இன்னொரு மாணவரான சார்லஸ் பெஸ்டிடம் தோற்றவர் இந்தக் கிளார்க் நோபிள்தான். ராபர்ட் நோபிள் அந்த இலைச்சாற்றை எலிகளின் வாய்வழியே கொடுத்துப் பார்த்தார். சர்க்கரையில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. ஊசி வழியே செலுத்தியபோது எலிகள் சில நாட்களில் தொற்றுநோய் கண்டு இறந்தன. வெட்டிப் பார்த்தபோது அவற்றின் வெள்ளை அணுக்கள் சரிந்திருந்தன, எலும்பு மஜ்ஜை ஒடுங்கியிருந்தது. சர்க்கரைக்கு மருந்து தேடிப்போன இடத்தில், வெள்ளை அணுக்களைக் குறைக்கும் பொருள் அகப்பட்டது. வேதியியலாளர் சார்லஸ் பீருடன் சேர்ந்து அவர் பிரித்தெடுத்ததுதான் இன்று புற்றுநோய்க்குத் தரப்படும் வின்பிளாஸ்டின். அது 1958இல் வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதே காலத்தில் அமெரிக்க மருந்து நிறுவனமான எலி லில்லியிலும் இந்தச் செடியை ஆராய்ந்தார்கள். அங்கிருந்து வின்கிரிஸ்டின் என்ற இன்னொரு புற்றுநோய் மருந்தும் வந்தது. படுக்கையில் இருந்த அம்மாவின் அணு எண்ணிக்கையையும் 1950களின் அந்த எலிகளையும் பக்கத்தில் வைத்து நினைத்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது.

இந்த இரண்டு பொருள்களும் செல்லுக்குள் டியூபுலின் என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டு, செல் இரண்டாகப் பிரியத் தேவையான நுண்குழாய்கள் உருவாகாமல் தடுக்கின்றன. புற்றுச் செல்கள் வேகமாகப் பிரிவதால் அவை முதலில் அடிபடுகின்றன. எலும்பு மஜ்ஜையும் வாயின் உட்புறப் படலமும் அதேபோல் ஓயாமல் பிரிந்துகொண்டிருப்பவை. ஆகவே அவையும் அடிபடுகின்றன. நரம்பிழைகளுக்குள் பொருள்களைக் கொண்டுசெல்வதும் அதே நுண்குழாய்கள்தாம். விரல் மரத்துப்போவதும், குடல் நரம்புகள் தளர்ந்து மலச்சிக்கல் வருவதும் வின்கிரிஸ்டின் ஏற்றப்படும் நோயாளிகளிடம் மருத்துவர்கள் வழக்கமாகப் பார்ப்பவை. அம்மாவுக்குத் தனித்தனித் தொல்லைகளாக வந்தவை எல்லாம் ஒரே காரணத்தின் பல முகங்களாக இருக்கக்கூடும் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது.

அப்படியானால் இந்தச் சாறு புற்றுநோய்க்கு நல்லதுதானே என்று பலர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். இதில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. ஒரு கிராம் வின்பிளாஸ்டின் கிடைக்கச் சுமார் 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும். பிரித்துச் சுத்தம் செய்த அந்த மருந்தை, நோயாளியின் உடற்பரப்பைக் கணக்கிட்டு, மில்லிகிராம் அளவில், நரம்பு வழியே மட்டும், அணுக்களை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் ஏற்றுகிறார்கள். பெரியவர்களுக்குக்கூட வின்கிரிஸ்டின் ஒரு தடவைக்கு வழக்கமாக 2 மில்லிகிராமைத் தாண்டுவதில்லை. தவறிப்போய்த் தண்டுவடத்தில் செலுத்தினால் உயிரே போய்விடும். இவ்வளவு கவனத்தோடு, வேறு மருந்துகளோடும் சேர்த்துப் பயன்படுத்தியதால்தான், 1960களின் தொடக்கத்தில் பெரும்பாலும் உயிர்பிழைக்காத குழந்தைகளின் கடும் நிணநீரணு இரத்தப் புற்றுநோயில், இன்று நல்ல மருத்துவ வசதியுள்ள நாடுகளில் பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கிறார்கள். வீட்டில் காய்ச்சும் கசாயத்தில் புற்றுநோயைக் குணமாக்கும் அளவும் ஒழுங்கும் கிடைக்காது. ஆனால் நாள்தோறும் அளவறியாமல் உள்ளே போகும் செறிவான சாறு மஜ்ஜையைத் தொடாது என்று உறுதி சொல்லவும் முடியாது. ஆல்கலாய்டுகள் எனப்படும் இந்தச் செடிவேதிப்பொருள்கள் வாய்வழியாகச் சீராக உட்கிரகிக்கப்படுவதில்லை; ஒருவருக்குக் குறைவாகவும் இன்னொருவருக்குக் கூடுதலாகவும் சேரும். இதே குடும்பத்து மருந்தான வினோரெல்பின் விழுங்கும் கேப்சூலாகவும் கொடுக்கப்படுகிறது என்பதை நினைத்தால், வயிற்றில் எல்லாம் செரித்துப்போய்விடும் என்ற வாதம் நிற்காது.

சாறு என்பது ஒரே பொருள் அல்ல என்பதையும் அப்போதுதான் அறிந்தேன். இந்தச் செடியில் நூற்றுக்கு மேற்பட்ட ஆல்கலாய்டுகள் இருக்கின்றன. வேரில் அஜ்மலிசின் மிகுதி. அது இரத்த நாளங்களைத் தளர்த்துவது, ஆகவே இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள் அதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இலையில் விண்டோலினும் கேதராந்தினும் இருக்கின்றன. இவை இரண்டும் இணைந்துதான் வின்பிளாஸ்டின் உருவாகிறது. செடியின் வயது, மண், வறட்சி, பறித்த காலம், உலர்த்திய முறை என எல்லாவற்றையும் பொறுத்து அளவு மாறும். வெந்நீரில் இறங்குவதும் சாராயத்தில் ஊறவைத்தால் இறங்குவதும் ஒன்றல்ல. நீரைச் சுண்டக் காய்ச்சும்போது கரைந்திருப்பது செறிவடைகிறதே தவிர நஞ்சு முறிவதில்லை. ஆகவே, பக்கத்து வீட்டுக்காரர் ஆண்டுக்கணக்கில் சில பூக்களைக் காய்ச்சிக் குடித்து நலமாக இருக்கிறார் என்பது, வேறொருவர் தரும் புட்டிச் சாற்றுக்குச் சான்றாகாது. சர்க்கரையைப் பொறுத்தவரை, முயல், எலி ஆகியவற்றில் செய்த சில சோதனைகளில் இலைச்சாறு அளவைக் குறைத்ததுண்டு. மனிதர்களுக்கு இன்ன அளவு, இன்ன பலன் என்று நம்பி எழுதிக்கொடுக்கும் நிலைக்கு அது வரவில்லை. அம்மாவுக்கு எண்கள் இறங்கியதில் சாற்றுக்கும், கசப்பால் குறைந்துபோன உணவுக்கும், குறைக்கப்படாமல் இருந்த கிளிமிப்பிரைடுக்கும் சேர்ந்தே பங்கு இருந்திருக்கும் என்றார் மருத்துவர்.

சாற்றை நிறுத்திய பிறகு முதலில் நியூட்ரோஃபில்களும், அடுத்துத் தட்டணுக்களும் மெல்ல ஏறின. மஜ்ஜைச் சோதனை தேவைப்படவில்லை. இடையில் மருத்துவர் வைட்டமின் பி12 அளவையும் பார்த்தார். மெட்ஃபார்மினை நீண்ட காலம் எடுப்பவர்களுக்கு பி12 குறையலாம். அந்தக் குறைவாலும் விரல் மரத்துப்போகும், அணுக்களும் குறையும். அம்மாவுக்கு அது சரியாகவே இருந்தது. ஆனால் மெட்ஃபார்மின் எடுக்கும் எல்லோரும் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டிய பரிசோதனை இது என்று சொன்னார். சாறுதான் காரணம் என்று நூற்றுக்கு நூறு எழுதித் தர அவர் முன்வரவில்லை. புட்டியில் வேறென்ன கலந்திருந்தது என்பதும் யாருக்கும் தெரியாது. குடித்தபோது இறங்கி, நிறுத்தியபோது ஏறியதும், அந்தச் செடியின் இயல்பும் பொருந்திவருவதால் இனி ஒரு துளியும் கூடாது என்று மட்டும் உறுதியாகச் சொன்னார். விரல் மரமரப்பு மட்டும் நெடுநாள் நீடித்தது. நரம்பு ஆற மாதங்கள் ஆகும். அம்மாவுக்கு அதைவிடப் பெரிய வருத்தம், தான் நல்லதென்று நம்பிச் செய்தது என்னை இப்படி அலைய வைத்துவிட்டதே என்பது. அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை, அதற்கு நியாயமும் இல்லை. தினமும் மாத்திரை விழுங்கிச் சலித்த ஒருவர், வாசலில் பூக்கும் செடியில் ஒரு நம்பிக்கையைக் கண்டால் அதைப் பற்றிக்கொள்ளத்தான் செய்வார்.

செடியை நான் வெறுக்கவில்லை. தண்ணீர் குறைவாக ஊற்றினாலும் வாடாமல், மண் வளமில்லாத இடத்திலும் பூத்துக்கொண்டே இருக்கும் செடி இதுபோல் வேறு எளிதில் கிடைக்காது. தொட்டிக்கும் வேலியோரத்துக்கும் மிக ஏற்றது. குளவி கொட்டிய இடத்தில் இலையைக் கசக்கிப் பூசுவது பழைய வழக்கம். உடையாத தோலில் சிறிது பூசுவதும் சாறாகக் குடிப்பதும் ஒன்றல்ல. கண்ணிலோ திறந்த புண்ணிலோ விடுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். கர்ப்பிணிகள் எந்த வடிவிலும் குடிக்கக் கூடாது. செல் பிரிவதைத் தடுக்கும் பொருள் வளரும் கருவுக்கு என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. குழந்தைகளும் ஆடு மாடுகளும் தின்னாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். புற்றுநோய்க்கு ஏற்கெனவே மருந்து ஏற்றிக்கொள்பவர்கள் கூடுதல் பலனுக்காக இதைக் குடித்தால், அவர்களின் அணு எண்ணிக்கை எதனால் இறங்கியது என்று மருத்துவருக்கே தெரியாமல் போகும். அடுத்த தவணை தள்ளிப்போகும்.

இப்போது வீட்டில் யாராவது இதைக் குடித்துக்கொண்டிருந்தால், சாற்றை நிறுத்துங்கள், ஆனால் சர்க்கரை மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். சாற்றை நம்பி மாத்திரை குறைக்கப்பட்டிருந்தால், நிறுத்திய வாரங்களில் சர்க்கரை ஏறக்கூடும், அம்மாவுக்கும் ஏறியது. அந்த நாட்களில் காலை வெறும் வயிற்றிலும் இரவு படுக்கும் முன்னும் அளந்து, ஒரு குறிப்பேட்டில் எழுதி, மருத்துவரிடம் காட்டி அளவைச் சரிசெய்துகொள்ளுங்கள். கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி எண்ணை மட்டும் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். இரவில் ஆபத்தாக இறங்கிய நேரங்களும் அந்தச் சராசரிக்குள் நல்ல எண்ணாகவே தெரியும். காய்ச்சல் இல்லாவிட்டாலும் ஒரு முழு இரத்த அணுப் பரிசோதனை செய்யுங்கள். அது எளிய, செலவு குறைந்த பரிசோதனை, எங்களுக்கு முதல் முறை மருத்துவமனையில் சேர்த்தபோதே கவனித்திருந்தால் போதுமானதாக இருந்திருக்கும். ஈரல், சிறுநீரகப் பரிசோதனைகளையும் மருத்துவர் சொன்னால் சேர்த்துக்கொள்ளுங்கள். வாய்ப்புண்ணுக்கோ காய்ச்சலுக்கோ கிளாரித்ரோமைசின், இட்ராகொனசோல் போன்ற மருந்துகளை எழுதினால், குடித்த சாற்றைப் பற்றி அப்போதே சொல்லிவிடுங்கள். வின்கிரிஸ்டின் வகைப் பொருள்களை உடல் சிதைத்து வெளியேற்றும் வேகத்தை அவை குறைத்துவிடும். நான் இப்போது அம்மாவின் மாத்திரைச் சீட்டின் பின்புறத்திலேயே, வாயில் போடும் எல்லாவற்றையும், தொடங்கிய தேதியோடு எழுதிவைக்கிறேன். யாரும் கேட்காவிட்டாலும் சீட்டைத் திருப்பிக் காட்டிவிட்டுத்தான் மருத்துவர் அறையை விட்டு வருகிறேன்.